பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்ற வீடு

அவரை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே டேப்பு சார், முதுகுக்குப் பின்னால் வெறும் டேப்பு. ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளந்து, தைத்து, மாட்டித் தருவது தொழில். இடுப்பில் செருகியிருக்கும் அளவு டேப்பை உருவி எந்த ஜன்னலையும் இரண்டு தடவை அளப்பார். "நாங்களே அளந்து வெச்சிருக்கோம்" என்று யாராவது சொன்னால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மூன்று தடவை அளப்பார். அப்படிப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் அளக்காமல் செய்த காரியம் ஒன்றே ஒன்றுதான். அதற்கென்று அவர் தேர்ந்தெடுத்தது, வாடகைக்குக் கிடைத்ததிலேயே உயரமான வண்டியை.

பிறர் வீட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம் வரலாம் என்று தீர்மானிப்பது அவர் பிழைப்பு. தன் வீட்டுக்குள் வரவே வேண்டாம் என்று தீர்மானித்திருந்தார். வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்தவை, நிறம் தப்பியவை, நீளம் குறைந்தவை எல்லாம் அவர் வீட்டு ஜன்னல்களில் அடுக்கடுக்காகத் தொங்கின. மனைவி நடுப்பகலில் விளக்குப் போட்டுக் காய் நறுக்குவாள். யாராவது கேட்டால் அது விளம்பரம் என்பார். அந்த விளம்பரத்தைப் பார்க்க இருபத்தைந்து வருடத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட வீட்டுக்கு வந்ததில்லை.

மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். குத்துவதே தெரியாமல் ஊசி குத்துவாள் என்று பெயர். அந்தத் திறமை கணவருக்கும் இருந்தது என்பது பிற்பாடுதான் தெரியவந்தது.

பரிசோதனைக் கூடத்தின் முதலாளி பக்கத்து ஊரில் ஒரு கிளை திறந்தபோது, அதை அவள் பொறுப்பில் விட நினைத்து வீட்டுக்குப் போன் செய்தார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். டேப்பு எடுத்தார். "அவங்களுக்கு அதெல்லாம் சரிப்படாதுங்க, வேற யாரையாவது பாருங்க" என்றார். வைத்தார். அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது அதைப் பற்றிப் பேசவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. மாட்டி முடித்த திரையைப் பற்றி யாராவது பேசுவார்களா?

பல வருடங்கள் கழித்து, பரிசோதனைக் கூடத்தை மூடிவிட்டு ஓய்வெடுக்கப் போகும் நாளில், முதலாளி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "அன்னைக்கு நீங்க மட்டும் ஒத்துக்கிட்டிருந்தா அந்தக் கிளை இன்னைக்கு எங்கேயோ போயிருக்கும்மா" என்று அவளிடம் அங்கலாய்த்தார். அவள் வீட்டுக்கு வந்தாள். விளக்கைப் போட்டாள். கணவரைக் கேட்டாள்.

"உனக்காகத்தானே சொன்னேன்? தினம் பஸ்ல போய்ட்டு வந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

அவர் சொன்னது சத்தியமான உண்மை. அதுதான் அதில் இருந்த கொடுமை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தொலைத்திருக்கலாம். நல்ல எண்ணத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கத்தவில்லை. ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யார் பேசிக்கொண்டிருந்தாலும் நடுவில் புகும் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல, பார்த்துக்கப் போயிருக்கா" என்று டேப்பு அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தார். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் நெருங்கியது. அக்காவின் வியாதி அவர் வாயில் முற்றிக்கொண்டே வந்தது. அக்காவோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்.

தினமும் போன் செய்வார். மனைவி எடுப்பாள்.

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"சரி, வைக்கிறேன்."

அவ்வளவுதான். அதை வைத்து மறுநாள் வரை ஓட்டினார். அவர் கை தடுமாற ஆரம்பித்தது. ஒரு வீட்டில் வரவேற்பறைத் திரை முழங்காலோடு நின்றது. இன்னொரு வீட்டில் தரையைக் கூட்டியது. குக்கர் விசில் அடித்தால் "இதோ வந்துட்டேன்" என்று பதில் சொன்னார். ஒருநாள் திடீரென்று வீட்டிலிருந்த அத்தனை திரைகளையும் கழற்றி மூட்டை கட்டினார். அப்போதுதான் பல வருடங்களுக்குப் பிறகு எதிர்வீட்டைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர், இவர் தனியாகத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இருவருக்குமே சங்கடமாகிவிட்டது.

இந்த நிலையில்தான் வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அம்மா தனியா ஒரு வீடு பார்த்துட்டாங்க. திங்கட்கிழமை குடி போறாங்க."

"ஏன், பெரியம்மா வீட்டுக்கு என்ன?"

"அங்க இருந்தா விருந்தாளிப்பா. இது அவங்க வீடு."

அவருக்குக் கால் கட்டை விரல் வரை புரிந்தது. அக்கா வீட்டில் இருக்கும்வரை அது போயிருப்பது; போனவர்கள் வரலாம். தனி வீடு எடுத்துவிட்டால் அது போய்விட்டது. வாடகை ஒப்பந்தத்தோடு போட்டி போட எந்த வியாதியாலும் முடியாது. திங்கட்கிழமைக்குள் அவளை அழைத்து வந்தாக வேண்டும்.

கல்யாணமான புதிதில் ஒரு பஸ் பயணத்தில் அவள் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. "இப்படியே ஊர் ஊரா போய்க்கிட்டே இருந்தா நல்லா இருக்கும்ல?" அவர் "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். அந்த அப்புறம் இப்போது வந்துவிட்டது என்று முடிவு செய்தார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற, நடிகர்கள் உட்கார்ந்து ஓய்வெடுப்பார்களே, அந்தக் கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்தார்.

"எத்தனை பேர் சார்?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"ரெண்டு பேர்."

"இன்னொருத்தங்க?"

"வழியில ஏறுவாங்க."

"மேல ஏசிப் பெட்டி இருக்கு. கிளை, கம்பி எல்லாம் பார்த்துப் போங்க. உயரமான வண்டி."

டேப்பு தலையாட்டினார். அவர் கண் வண்டியின் ஜன்னல்களில் இருந்தது. என்ன மட்டமான திரை! ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து புதிதாகத் தைத்தார். இளம்பச்சை; மனைவிக்குப் பிடித்த நிறம். ஒவ்வொரு ஜன்னலையும் இரண்டு தடவை அளந்தார்.

சனிக்கிழமை காலை ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். ஊர் அக்கரையில். இக்கரையில் ஒரு டீக்கடை, ஒரு பஸ் நிறுத்தம். நடுவில் பழைய பாலம். லாரி ஏறினால் தாங்காது என்று பாலத்தின் வாயில் தலைக்கு மேலே, உயரமான வண்டி நுழையாதபடி, குறுக்காக ஓர் இரும்புக் கம்பியைக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு காவலாளி. தடுக்கிற வேலையைக் கம்பியே பார்த்துக்கொண்டதால், தடுக்கப்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்வது காவலாளியின் பொறுப்பாக இருந்தது.

"வண்டி உயரம் எவ்வளவு சார்?"

இந்தக் கேள்விக்கு "தெரியலையே" என்று டேப்பு பதில் சொன்னதைக் கேட்க அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் யாரும் அங்கே இல்லாதது அவர் அதிர்ஷ்டம். இடுப்பிலிருந்து அளவு டேப்பை உருவிக்கொண்டு பின்பக்க ஏணியில் ஏறி அளந்தார். இறங்கிக் கம்பியை அளந்தார். மறுபடியும் அளந்தார். ஒரு சாண் அதிகம்.

"சுத்துவழி ஏதாவது இருக்கா?"

"இன்னொரு பாலம் இருந்துச்சு சார். அது இடிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஓரமா நிறுத்திட்டு நடந்து போங்க, பக்கம்தான்."

"வண்டி போகணுங்க."

"அப்படி என்ன சரக்கு உள்ள?"

"சரக்கு இல்லங்க. வீடு."

காவலாளி எழுந்து நின்றார். பொழுது போகாத மனிதரிடம் ஒரு பாதி வாக்கியத்தைக் கொடுத்தால் மீதியை வாங்காமல் விடமாட்டார். டேப்புவுக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். நடந்து போனால் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும். வெறுங்கையோடு நின்றால் பேச வேண்டும். பேசினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த வருடமே சாட்சி. வண்டி வாசலில் போய் நின்றால் வண்டியே பேசிவிடும். இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வந்து நின்ற பால் வண்டிக்காரர், அவருக்குப் பின்னால் வந்தவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டது. கூட்டத்தின் கடைசியில் இருந்தவர்கள் மட்டும் எந்த நடிகர் வந்திருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, பாலத்துக்கிட்ட நிக்கிறேன். வண்டி உயரம் இடிக்குது."

"உனக்கு இடிக்குதா, வண்டிக்கு இடிக்குதா?"

"வண்டிக்குத்தான்."

"அப்ப நீ நடந்து வா தம்பி. மனுஷனுக்கு யாரும் அங்க கம்பி கட்டலை."

அவர் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. திங்கட்கிழமையை அக்கரையில் யாரோ மெல்ல உருட்டிக்கொண்டு வருவதுபோல் அவருக்கு இருந்தது. பால் வண்டிக்காரர் யோசனை சொன்னார்: "நிறையப் பேர் உள்ள ஏறினா வண்டி அமுங்கும்ல?" உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்த ஊருக்கு இதைவிட நல்ல பொதுச்சேவை கிடைக்காது. மனைவிக்கென்று விரித்து வைத்த படுக்கையில் நாலு பேர். மேசையைச் சுற்றி ஒரு பள்ளி வாத்தியாரும் அவர் வீட்டாரும். கழிப்பறைக்குள் ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு, சும்மா. வண்டி பெருமூச்சு விட்டு அமுங்கியது. போதவில்லை.

"காத்தைப் பிடுங்குங்க" என்றார் காவலாளி.

டேப்பு குனிந்து தன் கையாலேயே ஒவ்வொரு சக்கரமாகக் காற்றைத் திறந்துவிட்டார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் நகர்த்தினார். வண்டியின் நெற்றி கம்பிக்குக் கீழே நுழைந்தது. வெளியே கைதட்டினார்கள். பிறகு மேலே ஏசிப் பெட்டி கம்பியில் போய் முட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, காற்றில்லாத சக்கரத்தோடு பின்னாலும் வரவில்லை. அந்த ஊருக்கு இருந்த ஒரே பாலத்தை ஒரு வீடு அடைத்துக்கொண்டு நின்றது.

அக்கரை ஊர் லேப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த மனைவி அப்போதுதான் இக்கரைத் தோட்ட வீடு ஒன்றில் யாருக்கோ ரத்தம் எடுத்துவிட்டு, கையில் ரத்த மாதிரிப் பெட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. யாரோ ஒருவர், "லேப் அம்மா, யாரோ ஒருத்தர் பொண்டாட்டியைக் கூப்பிட வீட்டையே ஓட்டிக்கிட்டு வந்திருக்காரும்மா" என்று சிரித்தார். அவள் வண்டியின் ஜன்னலைப் பார்த்தாள். திரையின் மடிப்பைப் பார்த்தாள். அந்தத் தையல் அவளுக்குத் தெரியும். படியேறி உள்ளே வந்தாள்.

உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். கழிப்பறையில் இருந்தவரும் வெளியே வந்தார்.

"நீங்க வெறும் வயித்துல வரணும்னு சொன்னேனே, வந்தீங்களா?" என்று பால் வண்டிக்காரரைக் கேட்டாள்.

"இன்னைக்கு வரலாம்னு..."

"கையில என்ன?"

"பன்னும்மா."

"அப்ப இன்னைக்கும் இல்ல. எல்லாரும் இறங்குங்க."

இறங்கினார்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து டேப்பு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த ஊர்த் தெருவில் அவளுக்கு டேப்பு சம்சாரம் என்று பெயர். இங்கே கீழே இறங்கியவர்கள் "யாருடா அது?" என்றதற்கு, "லேப் அம்மா வீட்டுக்காரராம்" என்று பதில் வந்தது.

"உட்காரேன்" என்றார்.

அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். "சீக்கிரம் சொல்லுங்க. இதைக் கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

அவர் எழுந்து காட்ட ஆரம்பித்தார். இது அடுப்பு. இது மேசை, மடக்கினால் கட்டில். மேசை மடங்க மறுத்தது; வாத்தியார் குடும்பத்தின் பாரத்தில் அதன் கால் வளைந்துபோயிருந்தது. இது குழாய். தண்ணீர் வரவில்லை, ஊர் முழுக்க ஒருமுறை திறந்து பார்த்திருந்தது.

"திரை புதுசா?"

"நானே தைச்சேன். உனக்குப் பிடிச்ச இளம்பச்சை."

"எனக்கு இளம்பச்சை பிடிக்கும்னு யாரு சொன்னது?"

"நீதான்..." என்று தொடங்கி நிறுத்தினார்.

"நான் சொல்லலை. கல்யாணமான புதுசுல கடையில மிஞ்சின துணியைக் கொண்டு வந்து, இது உனக்குப் பிடிக்கும்னு நீங்க சொன்னீங்க. நான் சும்மா இருந்தேன்."

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். காவலாளி அவர்களை அதட்டினார்.

"ஊர் ஊரா போகணும்னு ஆசைப்பட்டியே. நீ எங்க சொல்றியோ அங்க போகலாம். உன்னைக் கேட்டுட்டுத்தான்..."

"எப்ப கேட்டீங்க?"

"இப்ப கேட்கிறேனே!"

"வண்டியை எடுத்தாச்சு. திரை தைச்சாச்சு. ரெண்டு பேர்னு சொல்லியாச்சு. ஊரையே படுக்கையில உட்கார வெச்சு, பாலத்தையும் அடைச்சாச்சு. இப்ப கேட்கிறீங்க."

"வீட்டுல எல்லாத் திரையையும் கழட்டிட்டேன். வெளிச்சமா இருக்கு. வந்து பாரு."

"அதை யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

அவர் விழித்த விழிப்பில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது. ஆனால் அது ஊசி போட்டு முடித்தபின் நோயாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு, எல்லோருக்கும் கிடைப்பது.

டேப்பு வளைந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னால முடியலம்மா. குக்கர் கூப்பிட்டாக்கூட ஓடுறேன். வேலையில கை நிக்க மாட்டேங்குது. நீ தனியா வீடு எடுத்துட்டா நான் செத்துப் போயிடுவேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. அதையும் எனக்காகத்தான்னு சொல்லிடுவீங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் குரல் கொஞ்சம் தணிந்தது.

"எனக்கு உங்க மேல இருந்த கோபம் போயிடுச்சு. அதுதான் எனக்கே பயமா இருக்கு. கோபம் இருந்தவரைக்கும், அது தணிஞ்சதும் திரும்பிடுவேன்னு நானும்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். தணிஞ்சுடுச்சு. திரும்பணும்னு தோணலை. ரெண்டு ரூம். ஆத்தைப் பார்த்த மாதிரி ஜன்னல். திங்கட்கிழமை போறேன்."

"அந்த ஜன்னலுக்கு நான்..." என்று அவர் கை தானாக இடுப்புக்குப் போனது.

"வேண்டாம்."

கை நின்றது. வெளியே பாலத்தின் மேல் ஆட்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்து இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் ஒன்று கேட்டார். பதிலைத் தானே கையில் வைத்துக்கொள்ளாமல், இருபத்தைந்து வருடத்தில் மனைவியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"அந்த வீட்டை நான் வந்து பார்க்கலாமா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"இப்ப வேண்டாம்."

"எப்ப?"

"தோணுச்சுன்னா சொல்றேன்."

"தோணலைன்னா?"

"சொல்ல மாட்டேன்."

பெட்டி சாயாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள். கம்பிக்கு அடியில் நடந்து, பாலத்தைக் கடந்து போனாள். கூட்டம் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலி எதுவும் செய்யாமல் கலைந்தது.

அக்கரையிலிருந்து ஒருவர் காற்றடிக்கும் எந்திரத்தைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை ஏற்றிக்கொண்டு, மிச்சமிருந்தவர்கள் எல்லோருமாகப் பின்னுக்குத் தள்ளினார்கள். வண்டி இக்கரையில் டீக்கடைக்குப் பக்கத்தில் ஒதுங்கியது. வாடகை திங்கட்கிழமை மாலை வரை இருந்தது. வீட்டுக்குத் திரும்பிப் போக அவருக்குக் காரணம் எதுவும் இல்லை. அங்கேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, கல்லு மாதிரி அங்க என்ன பண்றே? வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

"அவ கூப்பிட்டாளாக்கா?"

"நான்தான் கூப்பிடறேனே."

"அவ?"

வேலை பார்த்த காலம் முழுக்கப் பிறர் பேச்சில் புகுந்து பழகிய அக்கா, முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் இணைப்பைத் துண்டித்தாள்.

பாலத்தில் நடந்து போக அவருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. நாய்கூடப் போய்க்கொண்டிருந்தது. போகவில்லை. அக்கரையில் எந்தத் தெரு, எந்த ஜன்னல் என்று காவலாளி கைகாட்டத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்த்தார். கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அது அடிக்கவில்லை என்பதை அடிக்கடி எடுத்து உறுதி செய்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை அக்கரைச் சாலையில் ஒரு தள்ளுவண்டி தெரிந்தது. மேலே ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, இரண்டு வாளி, ஒரு மூட்டை. பின்னால் மனைவி, ஒரு நிலைக்கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள். மேட்டில் ஏறும்போது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. தள்ளுகிறவர் முக்கினார். அவள் கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து, வண்டிக்குத் தோளைக் கொடுத்தாள்.

"சார், ஓடிப்போய் ஒரு கை குடுங்க!" என்று காவலாளி பதறினார். "இதைவிட நல்ல சமயம் கிடைக்குமா?"

டேப்பு பாலத்தின் முதல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிடலையேங்க."

"ஐயோ, இதுக்கெல்லாமா கூப்பிடுவாங்க?"

"தெரியாதுங்க. இதுவரைக்கும் நான் காத்திருந்து பார்த்ததில்ல."

எதிரே வந்த பால் வண்டிக்காரர் நிறுத்தி இறங்கி ஒரு தள்ளு தள்ளினார். சக்கரம் மேலே ஏறியது. அவள் கண்ணாடியை மறுபடி எடுத்துக்கொண்டாள். தள்ளுவண்டி ஒரு தெருவுக்குள் திரும்பியது. அவளும் திரும்பினாள். ஆற்றின் பக்கம் பார்க்கவில்லை. கண்ணாடி வழுக்கிவிடும் என்ற கவலை அவளுக்கு.

தெருமுனை காலியான பிறகும் அவர் கொஞ்ச நேரம் கம்பியை விடவில்லை. காவலாளி கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். டேப்பு வண்டியில் ஏறினார். கைபேசியை எதிரே தெரியும்படி வைத்தார். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.